ஒரு மூச்சுத் தாமதம்

வானொலி நிலையத்தில் நேரலை. அண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தான், தங்கை ஓரத்தில். அவன் டிரம்பெட், அவள் பியானோ, வீட்டில் இருக்கும் அப்பா பாஸ் கிட்டார். மூவரும் வாசித்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை ஜாஸ் வாசிக்கப் பழகியிருந்தது.

"இப்ப எங்க பார்த்தாலும் உங்க பாணிதான்," என்றாள் நிகழ்ச்சி நடத்தும் பெண். "தாளம் விழுந்த பிறகு ஒரு மூச்சு நின்னு சேர்றது. அது எப்படி வந்துச்சு?"

தங்கைக்குத் தெரியும். அப்பாவுக்குக் காது மந்தமானபோது வந்தது அது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் பிந்துவார். வெளியே தெரியாமலிருக்க அவளும் தன் கைகளைப் பிந்த வைத்தாள். ஒருவர் பிந்தினால் பிழை, இருவர் பிந்தினால் பாணி. "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்கும் தெரியும். "பெரியவரைக் கழட்டி விட்டுடலாம், மானம் போகுது" என்று அன்று குதித்தவனே அவன்தான்.

"அதுவா?" அண்ணன் சாய்ந்துகொண்டான். "அது என் யோசனை. நான்தான் இவங்க ரெண்டு பேரையும் இழுத்துப் பிடிச்சேன். படாத பாடு பட்டேன் போங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டு மைக்கைத் தங்கை பக்கம் நகர்த்தினாள். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவள் வாய் திறந்தால் அப்பாவின் காது ஊருக்கே தெரிந்துவிடும். திறக்க மாட்டாள் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

"அண்ணன் சொன்னதுதான்," என்றாள்.

காரில் அவன் கேட்டான்: "என்ன, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? குடும்பத்துக்குள்ள உன்னுது என்னுதுன்னு உண்டா?"

"அப்ப 'நாங்க'ன்னே சொல்லியிருக்கலாமே."

அவன் தேவையில்லாமல் ஹாரனை அழுத்தினான்.

வீட்டில் அப்பா வானொலிப் பெட்டியின் மேல் உள்ளங்கையைப் பதித்து உட்கார்ந்திருந்தார். சன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டு மாடியில் இரண்டு பெண்கள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"இவன் குரல்னு கையில தெரிஞ்சுது," என்றார். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

அண்ணன் அவளுக்குக் கண்ணைக் காட்டினான்.

"இல்லப்பா. எல்லாம் 'என்னாலதான்'னு சொன்னான்."

"என்னது?"

குனிந்து மறுபடி சொன்னாள்.

"சத்தமா சொல்லும்மா."

அண்ணன் சன்னலைச் சாத்தப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். பிறகு, பிறந்ததிலிருந்து குரல் உயர்த்தாதவள், தெருவுக்கே கேட்கும்படி அதையே கத்திச் சொன்னாள். எதிர்மாடியில் துணி உதறும் ஓசை நின்றது.

அப்பா பெட்டியின் மேலிருந்து கையை எடுத்தார். மகனைப் பார்த்தார்.

"கேட்டுச்சும்மா," என்றார். "இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லு."