கூகையின் காது

தேருக்கு முந்தின நாள் காலையில் எங்கள் கூடத்து மேசைமேல் ஒரு கூகை கிடந்தது. அறுப்பு மெஷினில் அடிபட்டு இறக்கை ஒடிந்த அதை, முருகையன் தன் வயலிலிருந்து சாக்கில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். என் மகள் மாதங்கி கால்நடை மருத்துவர்.

"நாளைக்குத் தேர். இன்னிக்குப் போய் கூகையை வீட்டுக்குள்ள கொண்டாரலாமா?" என்றேன்.

"இது படுத்துட்டா எலிக்குத்தாங்க கொண்டாட்டம்" என்றாராம் முருகையன். பிறகு மாதங்கி சொல்லித்தான் தெரியும். அப்போது நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் வம்சத்தில் யாருக்கும் காது மந்தமானதில்லை, ஆகியிருந்தாலும் சொன்னதில்லை. தேர் வடத்தைத் தொடுமுன் எங்கள் வீட்டுப் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் முன்னே வராவிட்டால் பரிவட்டம் அடுத்த வீட்டுக்கு, அதாவது துரைராசு வீட்டுக்குப் போய்விடும். காய்ச்சலில் கிடந்த என் தாத்தா கட்டிலோடு தூக்கிப் போகச் சொல்லி வாங்கிய பரிவட்டம் அது. போன வருஷம் மூன்றாவது கூப்பாட்டில், துரைராசு திரும்பிப் பார்த்த பிறகுதான் நான் நகர்ந்தேன்.

மாதங்கி கூகையின் முகத்து இறகுகளை விரலால் ஒதுக்கினாள். "இங்க பாருங்கப்பா, இதான் காது."

மடல் இல்லை. வெறும் துளை. இடப்பக்கத்துத் துளை சற்று மேலே, வலப்பக்கத்தது கீழே. தட்டுப் போன்ற அந்த முகமே சத்தத்தைக் கூட்டிக் கொடுக்குமாம். துளைகள் ஏற்ற இறக்கமாக இருப்பதால்தான் வைக்கோலுக்கு அடியில் எலி எங்கே என்று இருட்டிலும் பிடிபடுகிறதாம்.

"உள்ள கேக்குற செல் செத்துப்போனாலும் பறவைக்குத் திரும்ப முளைச்சிரும். மனுசனுக்கு முளைக்காது." சொல்வதற்கு முன் மேசையைச் சுற்றி என் வலப்பக்கம் வந்து நின்றுகொண்டாள்.

எத்தனை காலமாக இவள் என் வலப்பக்கமே வந்து நின்று பேசுகிறாள்?

என் சட்டைப்பையில் ஒரு சின்ன டப்பாவைப் போட்டாள். "பரிவட்டம் கட்டுனா காதை மூடிரும்பா. காது மெஷின் யாருக்கும் தெரியாது."

"கட்டுறதுக்கு முன்னாடி?"

அவள் இறக்கைக்குக் கட்டுப் போடக் குனிந்துவிட்டாள்.

மறுநாள் தேரடியில் ஊரே நின்றது. மேளக்காரர்களின் கைகள் ஓய்ந்தன. துரைராசு இந்த முறை நேராகத் தேரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டப்பாவைத் திறந்தேன். அவரைக்கொட்டை அளவில் அது என் உள்ளங்கையில் கிடந்தது; பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். கோபுரத்துப் புறாக்கள், எனக்குக் கேட்காத எதையோ கேட்டு, ஒரே வீச்சில் எழும்பின.