தோட்டா கிடைக்காத துப்பாக்கி

எல்வுட் பிக்கல் அந்தத் துப்பாக்கியைப் பார்க்க வெர்னா வீட்டுக்குப் போனது அந்த வாரத்தில் மூன்றாவது தடவை. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவள் வீட்டு வாசல். நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. பாத்திரம் கழுவுகிறவள் கண்ணை மூடிக்கொண்டா கழுவ முடியும்? மூன்றாவது தடவை மட்டும், சூடு ஆறாத ஆப்பிள் பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வெறுங்கையோடு போனால் வம்பு கேட்க வந்ததாக நினைப்பார்கள்.

வெர்னாவின் கணவர் கிளேர் போன வசந்தத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். பனி கொட்டத் தொடங்குவதற்குள் வீட்டை ஒழித்துவிட்டு ஒஹையோவில் இருக்கும் மகளிடம் போய்விடுவதாக இவள் திட்டம். மேஜை, நாற்காலி, கிளேரின் தூண்டில்கள் எல்லாம் போய்விட்டன. துப்பாக்கி மட்டும் போகவில்லை.

அழகில் அதற்கு ஒரு குறையும் இல்லை. முதல் உலகப் போர் காலத்துச் சாமான். முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். அந்தச் சத்தத்துக்கு எங்கள் மலைக்காரர்கள் சொத்தை எழுதிவைப்பார்கள். பக்கவாட்டில், பொட்டு வைத்த மாதிரி, ஒரு தோட்டாவின் பித்தளை அடிப்பாகத்தையே பதித்து, எந்த அளவுத் தோட்டா போடவேண்டும் என்று காட்டியிருந்தார்கள். சிக்கலே அந்தப் பொட்டில்தான். 'இருபத்தைந்து ரெமிங்டன்' என்று அதில் எழுதியிருந்தது. அந்த அளவில் தோட்டா செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கிளேர் விட்டுவிட்டுப் போனது நாலே நாலு.

"பாத்துக்கிட்டே இருந்தா அது குட்டியா போடப் போகுது?" என்றாள் வெர்னா.

"யோசிக்கிறேன் வெர்னா."

"கிளேர் என்னைக் கட்டிக்கிறதுக்கே இவ்வளவு யோசிக்கல."

"யோசிச்சிருக்கணும்," என்றான் எல்வுட். அவள் கரண்டியால் அவன் தோளில் ஒன்று போட்டாள். அவன் துப்பாக்கியை மடியில் வைத்துப் பொட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே கேட்டான்: "நெசமாவே தோட்டா கிடைக்காதா?"

"கிடைக்காது. நான் பொய் சொல்லி விக்க மாட்டேன்."

எல்வுட்டின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. ஒரு சாமானின் குறையைக் கேட்டு மலருகிற முகத்தை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அதை அப்படியே மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தீயணைப்புக் கூடத்தில் பன்றிக்கறியும் பீன்ஸும் விருந்து போட்டார்கள். துப்பாக்கிப் பேச்சு பந்தி முழுக்க ஓடியது. டார்சி வெர்ட்ஸ்தான் ஆரம்பித்தான். மலைமேல் இருக்கும் மான்வேட்டை கேம்ப் அவன் அப்பா கட்டியது. அதனால் அங்கே அவன்தான் தலைவன், சட்டம், நீதிபதி எல்லாம்.

"டேய் எல்வுட், அந்தக் கிழட்டுத் துப்பாக்கிய வாங்கி என்னடா பண்ணப் போற? மானைக் கூப்பிட்டுப் புல்லாங்குழல் மாதிரி வாசிச்சுக் காட்டப் போறியா?"

"அழகா இருக்குடா."

"அழகா இருக்குன்னு எங்க அக்கா வீட்டுக்காரரு கல்லறைக்கு இடம் வாங்கினாரு. அதுலயாவது போய்ப் படுக்கலாம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்வுட்டும் சிரித்தான். ஆனால் டார்சி அதோடு விடுகிற ஆளா? "போன வருஷம் உன் மூக்குக்கு முன்னாடி ஆறு கிளைக் கொம்பன் மான் நடந்து போயிருக்கு. பனியில குளம்புத்தடம் அப்படியே இருந்துச்சு. கேட்டா, 'நான் ஒண்ணும் பாக்கலையே'ன்னான். உக்காந்த எடத்துலயே தூங்கிருக்கான் சார்! இந்த வருஷமும் தூங்கினேன்னா பாத்துக்க, கேம்ப்புல உன் கட்டில எங்க மாப்பிள்ளைக்குக் குடுத்துருவேன். அவன் ரெண்டு வருஷமா வரிசையில நிக்கிறான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் டார்சி சிரித்துக்கொண்டே சொன்னதையெல்லாம் செய்தவன். எல்வுட் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து எல்வுட்டின் மனைவி நோரீன் என் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தாள். நான் ஒன்றும் தோண்டவில்லை. "துப்பாக்கி வாங்கறதுல உனக்குச் சம்மதமா?" என்று மட்டும் கேட்டேன்.

"அவருக்கு இனிமே சுட மனசில்ல ஃபே," என்றாள் நோரீன். "போன வருஷம் தூங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் கொம்பன் வந்து நின்னுச்சாம். இவரு துப்பாக்கியத் தூக்கிருக்காரு. அப்புறம் எதுக்குன்னு தோணி இறக்கிட்டாராம். அவ்வளவுதான். பரிதாபம்லாம் இல்ல, மான்கறிய இப்பவும் ஒரு கை பாக்கறாரு. சுட மட்டும் பிடிக்கல."

"அப்ப கேம்ப்புக்குப் போகாம இருந்துட வேண்டியதுதான?"

"நல்லாருக்கு! முப்பது வருஷமா அந்தக் கட்டில்ல படுத்தவரு. அந்தச் சீட்டாட்டம், அந்த வறட்டி மாதிரி கோதுமை அடை, விடியக்காலைல மரத்தடில காபியோட உக்காந்துக்கிறது... வருஷம் பூரா பள்ளிக்கூட பஸ்ல பிள்ளைங்க கத்தறதக் கேட்டுட்டு இருக்கறவருக்கு அது ஒண்ணுதானடி இருக்கு. சுடமாட்டேன்னு சொன்னா டார்சி கட்டிலத் தூக்கிருவான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோட்டாவே கிடைக்காத துப்பாக்கி! 'நாலே நாலு தோட்டாடா, பெரிய கொம்பனுக்காக வச்சிருக்கேன்' என்று சொல்லிக்கொண்டு ஒருத்தன் சாகிறவரைக்கும் கௌரவமாக மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம். எல்வுட்டுக்குள் இவ்வளவு மூளை இருக்குமென்று நான் நினைத்ததே இல்லை.

"யார்கிட்டயும் சொல்லிராத," என்றாள் நோரீன்.

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றேன். சத்தியமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது வேறு. முந்தின நாளே, பந்தி முடிந்து தட்டுக் கழுவும்போது, டார்சியின் மனைவியிடம், 'பாவம் எல்வுட், அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா இல்லாமல் ஏங்கிப்போய்க் கிடக்கிறான்' என்று போகிற போக்கில் சொல்லிவைத்திருந்தேன்.

டார்சி வாயால் கடிப்பான், கையால் கொடுப்பான். அவன் வீட்டு நிலவறையில் தோட்டா செய்கிற அச்சு இயந்திரம் ஒன்று இருக்கிறது. அவன் மனைவி அதைத் தன் சக்களத்தி என்பாள். எங்கெங்கோ தொலைபேசியில் பேசி, அதே குடும்பத்து வேறு அளவுத் தோட்டாவின் காலிக் கூடுகளை வரவழைத்து, ஒவ்வொன்றின் கழுத்தையும் நெரித்துச் சின்னதாக்கி, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, முனை பொருத்தி, தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின நாள் ஒரு சுருட்டுப் பெட்டி நிறையக் கொண்டுவந்துவிட்டான். எல்வுட் அப்போது வெர்னா வீட்டில் ஐந்தாவது தடவையாகத் துப்பாக்கியைத் தடவிக்கொண்டிருந்தான். நானும், வேறொரு பலகாரத்தோடு, அங்கேதான் இருந்தேன்.

"இந்தாடா, உன் ஏக்கம் தீரட்டும்!" என்று டார்சி பெட்டியைத் திறந்தான். பித்தளை பளபளவென்று மின்னியது. "இருவது இருக்கு. முன்னூறு அடில ஒரு காபிக் கோப்பைய அடிக்கும். நானே போட்டது."

எல்வுட் பெட்டியைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல? பல் வைத்தியர் கையில் இருப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ரொம்ப... ரொம்ப சிரமப்பட்டிருக்கியேடா."

"நமக்குள்ள என்னடா."

"இல்ல டார்சி, நான் யோசிச்சுப் பாத்தேன். நோரீனுக்கு இஷ்டமில்ல. வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்."

டார்சி பெட்டியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான். "தோட்டா இல்லாதப்ப வேணும்ன! இப்ப தோட்டா இருக்கு, வேணாங்கற! உனக்கு மண்டைல ஏதும் அடி கிடி பட்டுச்சா?"

வெர்னா எரிச்சலாகிவிட்டாள். "அஞ்சு நாள் என் காபியக் குடிச்சிட்டு இப்ப வேணாமா? இங்க பாரு எல்வுட். திங்கக்கிழமை மான் சீசன் ஆரம்பிக்குது. இத எடுத்துட்டுப் போ, ஒரு நாள் சுட்டுப் பாரு. செவ்வாக்கிழமை இந்த மேடைல ஒண்ணு காசு இருக்கணும், இல்ல துப்பாக்கி இருக்கணும்."

டார்சியின் முன்னால் என்ன சொல்லி மறுப்பது? எல்வுட் எடுத்துக்கொண்டு போனான். சவப்பெட்டியின் ஒரு முனையைத் தூக்குகிற மாதிரி தூக்கினான்.

திங்கட்கிழமை நடந்ததை நான் நாலு பேர் வாயால் கேட்டுக் கோர்த்தேன். நாலும் பெரும்பாலும் ஒத்துப்போனது. டார்சி தன் தோட்டாவின் பெருமையைக் கண்ணால் பார்க்காமல் விடுவானா? மற்றவர்களைப் புதர்வழியே வரிசையாக நடக்கவிட்டு, மானை நேரே எல்வுட் உட்கார்ந்திருந்த பக்கம் துரத்தச் சொல்லிவிட்டு, தானே போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டான். கொம்பன் ஒன்று வந்தது. முப்பது அடி தூரத்தில், படம் எடுக்க நிற்கிற மாதிரி, பக்கவாட்டில் நின்றது.

"அடிடா," என்று டார்சி கிசுகிசுத்தான்.

எல்வுட் அடித்தான். மான் ஒருமுறை காதை ஆட்டிவிட்டுத் துள்ளி ஓடியது. முன்கட்டையை இழுத்துத் தள்ளி அவன் மறுபடி அடித்தான். வெள்ளை வால் மரங்களுக்குள் மறைந்தது.

மானைத் தவறவிட்டவனை எங்கள் கேம்ப்புகளில் சும்மா விடுவதில்லை. அன்று மாலை அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி, சட்டையின் பின்தொங்கலைக் கத்தரிக்கோலால் வெட்டி, பெயரையும் வருஷத்தையும் மையால் எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். விளக்கம் கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "என்னன்னே தெரியலடா, நேராத்தான் பிடிச்சேன்," என்றான். ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். டார்சியின் மாப்பிள்ளை விஷயத்தை அன்று யாரும் எடுக்கவே இல்லை. சுவரில் இந்த வருஷத்துச் சட்டைத்துணி தொங்குகிறவனின் கட்டிலை எந்த முகத்தோடு பிடுங்குவது? தூங்கினவனைத் துரத்தலாம். தவறவிட்டவன் வேட்டைக்காரன்.

செவ்வாய்க்கிழமை எல்வுட் பின்தொங்கல் இல்லாத சட்டையோடு வெர்னாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். பின்னாலேயே டார்சி வந்தான். அவனுக்கு இரவெல்லாம் தூங்காத முகம்.

"வெர்னா, நீ கோவிச்சுக்காத. இந்தத் துப்பாக்கி சரியில்ல. தோட்டா அருமையான தோட்டா. நான் போய்ப் பாத்தேன், ஹெம்லாக் மரத்துக் கணுவுல ரெண்டு குண்டும் ஒரே ஓட்டைல ஏறியிருக்கு. ஒரு விரல்தான் உள்ள போகும்!"

ஒரே ஓட்டையா? மான் நின்ற இடத்துக்கு ஏழடி மேலே இருந்ததாம் அந்தக் கணு. வருஷாவருஷம் தீயணைப்புக் கூடத்துச் சுடும் போட்டியில் பரிசு வான்கோழியை ஜெயித்துக்கொண்டு போகிற எல்வுட்டை நான் திரும்பிப் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குழல் வளைஞ்சிருக்கு, இல்ல குறி முள்ளு நகந்திருக்கு," என்றான் டார்சி. "எல்வுட், நான் உன் நல்லதுக்குச் சொல்றேன், இத வாங்காத. இதால ஒரு கொட்டகைய அடிக்க முடியாது."

"ஆமா எல்வுட்," என்றாள் வெர்னா, குரல் இறங்கி. "கிளேரும் இதால பெருசா ஒண்ணும் அடிச்சதில்ல. வேணாம்னா வேணாம்னு சொல்லிரு. நான் வருத்தப்பட மாட்டேன்."

நோரீனைக் கேட்டாயா என்று நானும் என் பங்குக்குக் கேட்டுவைத்தேன். மூன்று பேரும் வேண்டாம் என்றாகிவிட்டது.

எல்வுட்டின் முகத்தில், குறையைக் கேட்டு மலருகிற அந்தப் பழைய சந்தோஷம் மறுபடி வந்து போனது. சட்டைப்பையிலிருந்து காசுக் கவரை எடுத்து மேடையில் வைத்தான். துப்பாக்கியை எடுத்து மடியில் சாத்திக்கொண்டான்.

"டார்சி," என்றான், ரொம்பப் பணிவாக, "இன்னும் ஒரு பெட்டித் தோட்டா பண்ணித் தரியாடா?"