இறக்கிய எஞ்சின்

என்னுடைய மனிசன் சச்சிதானந்தன் ஒரு மெக்கானிக். இதை நான் சொல்லாவிட்டாலும் அவரே சொல்லிவிடுவார். தன்னுடைய பேரைச் சொல்ல முதலே சொல்லிவிடுவார். கொக்குவிலில் கராஜ் வைத்திருந்தவர், இங்கே பாடனில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். வேலையால் வந்ததும் கையை மணந்து பார்ப்பார். ஒயில் மணக்கவேண்டிய கை சவுக்காரம் மணக்கிறதாம். மணக்கட்டும், சம்பளம் வருகுதுதானே என்று நான் வாயைக் கொடுத்தால் அன்றைக்கு மனிசனுக்குச் சாப்பாடு இறங்காது. காணி, வீடு, கராஜ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவருக்கு மிஞ்சியது மெக்கானிக் என்ற அந்தப் பேர் ஒன்றுதான். எண்பத்தேழாம் ஆண்டு சுவிசில் அந்தப் பேரைச் சொல்லி இவரைக் கூப்பிட ஒரு சனமும் இருக்கவில்லை.

பாடனுக்கு வெளியே ஒரு கிராமத்தில், விட்மர் என்ற கிழவரின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்கு அப்போது வீடு தர யார் இருந்தார்கள்? ரெலிபோனில் ஓம் என்பார்கள், முகத்தைக் கண்டதும் வீடு போய்விட்டது என்பார்கள். விட்மர் எங்கள் முகத்தைப் பார்த்தார், படியில் சப்பாத்துக் கழற்றி வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார், வீட்டுத் திறப்பைத் தந்தார். தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்து ஓய்வு பெற்ற தனி மனிதர். அளந்துதான் கதைப்பார். ஆனால் மரியாதையில் ஒரு குறை வைக்கமாட்டார்.

வீட்டோடு சேர்ந்த கராஜில் அவருடைய கார் ஒன்று போர்வை மூடிக் கிடந்தது. பச்சை நிறம், கூரை இல்லை, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பழைய இங்கிலீஸ் ஸ்போர்ட்ஸ் கார். ஓடி எத்தனையோ வருடம். அதைக் கண்ட நாளிலிருந்து இவருக்கு விசர் பிடித்துவிட்டது. விட்மர் இடுப்பு எலும்பு ஒப்பரேசனுக்குப் போய், அப்படியே மலைப்பக்கம் ஒரு விடுதியில் தங்கிச் சுகமாகி வருவதாக இருந்தது. அவர் வெளிக்கிடுகிற அன்று இவர் இந்த ஊர் ஜெர்மன் பாஷையான டொச்சில் தனக்குத் தெரிந்த நாலு சொற்களையும் கூட்டி, நான் அந்தக் காரை ஓடவைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். விட்மர் யோசித்துவிட்டு, ஓடினால் எனக்குச் சந்தோசம் என்று கராஜ் திறப்பைக் கொடுத்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு காரை ஓடவைக்கச் சொன்னால் ஓடவைப்பார்கள், அவ்வளவுதான். எப்படி என்று யார் கேட்கிறது? சாமான் வராத ஊர், சண்டை நடக்கிற ஊர். ஒஸ்ரின் காருக்குள் யப்பான் எஞ்சின் இருக்கும், மொறிஸ் காருக்குள் வேறு என்னவோ இருக்கும். எஞ்சின் மாற்றின கார் என்றால் அங்கே மதிப்புக் கூட. சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் முன்மூடி பொனற்றைத் திறந்து எஞ்சினைக் காட்டுவார்.

இவரும் அதைத்தான் செய்தார். முதலில் தனியாக இருந்து பழைய எஞ்சினைக் கழற்றிப் பார்த்தார். முழுக்க இறுகிப்போச்சு, பிரயோசனமில்லை என்றார். பிறகு ஃப்ரிபூர்க்கிலிருந்து சிநேகிதன் குலேந்திரன் யாரிடமோ ஒரு வான் இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். பழைய கார்கள் உடைக்கிற இடமொன்றில், பின்பக்கம் நொறுங்கிய ஒரு புது யப்பான் கார் கிடந்ததாம். அதன் எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஏற்றி வந்தார்கள். பழைய எஞ்சினை அங்கேயே இரும்போடு இரும்பாகப் போட்டுவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு இவரைப் பிடிக்க முடியவில்லை. கராஜ் கூரை வளையில் சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்குவதும், இறக்குவதும், சரியாக இருக்கவில்லை என்று திரும்பத் தூக்குவதும். எஞ்சினைத் தாங்குகிற இரும்புகளை வெட்டி ஒட்டினார். கியர் பெட்டிக்கு இடம் போதாமல் நடுத் தகரத்தை அடித்து வளைத்தார். பின் சில்லுக்குப் போகிற நீட்டுத் தண்டைக் கட்டையாக்கினார். ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்டால் இங்கே அயலட்டை பொலிசுக்கு ரெலிபோன் அடித்துவிடும் என்று அன்றைக்கு மட்டும் வயர் வேலை. தொட்டதுக்கெல்லாம் கோபிக்கிற மனிசன், அந்த நாட்களில் சோற்றுக்கு உப்பில்லை என்றால்கூடச் சிரித்தார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. கலியாணம் கட்டின காலத்து மனிசன் திரும்பி வந்தது போல இருந்தது.

விட்மர் இரண்டு ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். இவர் அவரை உடுப்பு மாற்றக்கூட விடவில்லை. கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கார்த் திறப்பைத் திருப்பினார். ஒரு முறைதான். தையல் மெசின் போல எஞ்சின் ஓடியது. விட்மர் பொனற்றைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார், கனநேரம் பார்த்தார். பழையது எங்கே என்று கேட்டார். எறிந்தாயிற்று என்று இவர் கையால் காட்டினார். கிழவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு இவருக்குக் கை கொடுத்தார், நன்றி சொன்னார். காரில் ஏறவில்லை. இடுப்பு நோகிறதாக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

பிறகென்ன, ஊர்வலம்தான். ஒவ்வொரு ஞாயிறும் இவர் பாடனில் இருக்கிற எங்கள் சனத்தில் யாரையாவது கூட்டி வருவார். நான் வடை சுட்டு, தேத்தண்ணி ஊற்றியே களைத்துப்போனேன். சத்தம் கேட்டால் விட்மர் ஊன்றுகோலோடு தானே வெளியில் வருவார். தானே பொனற்றைத் தூக்குவார். இவரைக் கையால் காட்டி, இவர் செய்தது என்பார். அதை நான் தமிழில் சொன்னதும் எங்கள் ஆட்கள் இவரை நிமிர்ந்து பார்ப்பார்கள். இவர் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு நிற்பார். காருக்கு நம்பர் தகடு இல்லை, அது முற்றத்தைத் தாண்டவே இல்லை. அதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

விட்மருக்குக் குனிய ஏலாததால் அவருடைய வீட்டை நான் கூட்டித் துடைத்துக் கொடுத்தேன். ஒருநாள் அவருடைய படுக்கை அறையில் தூசு தட்டும்போது சுவரில் ஒரு படம் கண்டேன். நாங்கள் கலியாணப் படம் மாட்டுவது போல நல்ல சட்டம் போட்டு மாட்டியிருந்தது. படத்தில் குசினி மேசை, மேசைமேல் ஓர் எஞ்சின். பக்கத்தில் மீசையோடு இளம் வயது விட்மர், பெற்ற பிள்ளையைப் பிடிப்பது போல அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்டறியாத எஞ்சினுக்கு ஒரு படமா என்று அறை வாசலில் நின்ற விட்மரிடம் பகிடியாகத்தான் கேட்டேன்.

அவர் மெல்லமாகச் சொன்னார். அந்தக் காரை வாங்கி, எஞ்சினை இறக்கி, ஒரு குளிர்காலம் முழுக்க வேலை முடிந்து வந்து அந்த மேசையில் வைத்துத் தன் கையால் ஒவ்வொரு துண்டாக அராவித் திருத்தியிருக்கிறார். அந்த எஞ்சினோடு மலை ஏறுகிற கார்ப் போட்டிகளுக்குப் போயிருக்கிறார். காரை யாரும் செய்யலாம், அது தொழிற்சாலை செய்தது, எஞ்சின்தான் நான் செய்தது என்றார். எனக்குத் தும்புத்தடி கையிலேயே நின்றுவிட்டது. பிறகு ஏன் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்கள் கணவர் பாடுபட்டார், அவருக்குத் தெரியாது, இனிச் சொல்லி என்ன, சொல்லவேண்டாம் என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. எங்கள் ஊரிலென்றால் படலையில் நின்று நாலு தலைமுறையையும் இழுத்து ஏசியிருப்பார்கள், பின்னேரம் சரியாய்ப் போயிருக்கும். இந்த மனிதர் நன்றி சொல்லிக் கை கொடுத்திருக்கிறார். கிழமைக்குக் கிழமை அந்தப் பொனற்றைத் தானே தூக்கியிருக்கிறார். நான் அதைப் பார்த்துக்கொண்டு வடை பரிமாறியிருக்கிறேன். ஐயோ கடவுளே, அவர் எங்கள் வடையையும் வாங்கிச் சாப்பிட்டாரே.

அன்று பின்னேரம் இவர் பெரிய எடுப்பில் வந்தார். வருகிற ஞாயிறு குலேந்திரன் ஃப்ரிபூர்க் சனத்தை வானில் ஏற்றி வருகிறானாம், கமெராவும் கொண்டு வருகிறானாம், படமெடுத்து ஊருக்கு அனுப்பவேணுமாம். என்னால் பொறுக்க முடியவில்லை. விட்மர் சொல்லவேண்டாம் என்றதை எல்லாம் சொல்லிவிட்டேன். இடி விழுந்தவர் போல ஆவார் என்று நினைத்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு மூக்கு வெடிக்கக் கோபம் வந்தது. நீங்கள் மனிசனோ என்று கேட்டேன். எழும்புங்கோ, போய் அந்த மனிதரிட்டை மன்னிப்புக் கேளுங்கோ என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கீழே கூட்டிக்கொண்டு போனேன்.

விட்மர் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார். இருக்கச் சொன்னார். இவர் இருக்கவில்லை. பரவாயில்லை, நடந்தது நடந்துவிட்டது என்று கிழவர் எங்களைத் தேற்றினார். பிறகு, மனம் பொறுக்காமலாக்கும், ஒன்று மட்டும் கேட்டார். நீங்களும் மெக்கானிக்தானே, திறந்து பார்த்தபோது உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையா? தேவாலயத்துப் பெண்கள் நடத்திய வகுப்புக்குப் போனதால் இவரைவிட எனக்கு டொச் தெரியும். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"கண்டனான்" என்றார் இவர்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"மேல் மூடியைக் கழட்டின உடனை கண்டனான். காத்துப் போற வழியெல்லாம் கையால அராவிக் கண்ணாடி மாதிரி வைச்சிருந்தது. அப்பிடி ஒரு வேலையை என்ரை சீவியத்திலை நான் காணேல்லை. ஒரு பிஸ்ரன்தான் இறுகிக் கிடந்தது. ஒயிலை ஊத்தி ஊற விட்டிருந்தால் இறுக்கம் விட்டிருக்கும்."

"பேந்து ஏன் எறிஞ்சனீங்கள்?"

"ஓடவைச்சிருந்தால் அது அவரின்ரை எஞ்சின். நான் செய்தது எண்டு சொல்ல அதிலை என்ன இருக்கு? எனக்கு அப்பிடிச் செய்யத் தெரியாது, கலா. அது கிடந்தால் எனக்குத் தெரியாது எண்டது தெரிஞ்சிடும்."

விட்மர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். இதை நான் எப்படிச் சொல்வது? இவர் செய்த குற்றத்துக்கு மொழிபெயர்ப்பாளராக மட்டும் நிற்பது போல இல்லை. என்னுடைய வாயாலேயே நான் செய்ததாகச் சொல்வது போல இருந்தது. இவர் மிகவும் வருந்துகிறார், மன்னிப்புக் கேட்கிறார் என்று டொச்சில் தொடங்கினேன். ஹோட்டல் குசினியில் ஒரு கோப்பை விழுந்தாலும் சொல்கிற சொற்கள் அவை, இவருக்கு அவை தெரியும்.

"அதில்லை" என்றார். "நான் சொன்னதைச் சொல்லு."

சொன்னேன். மெதுவாகச் சொல்வதற்கும் சுற்றிச் சொல்வதற்கும் எனக்கு டொச் காணாது. என் கணவர் பார்த்தார். நல்ல வேலை என்று அவருக்குத் தெரிந்தது. எஞ்சின் பெரிய பழுது இல்லை. தன்னுடைய வேலையைக் காட்ட உங்களுடைய வேலையை எறிந்தார். சின்னப் பிள்ளைகள் படிக்கிற வசனங்கள் போல ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. விட்மர் கதிரையில் இருந்தார். இப்போது எனக்குத் தெரிகிறது என்றார், களைப்பாக இருக்கிறது என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பாமல் அவர் இருந்தது அன்றைக்குத்தான்.

மேலே வந்து நான் அழுதேன். தெரியாமல் செய்துவிட்டார் என்று நினைத்து இவருக்காக நான் பட்ட வெட்கம் ஒன்றுமே இல்லை, அதைப் போய்ப் பெரிதாகத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இந்த வெட்கத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? குலேந்திரனுக்கு ரெலிபோன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். இவர் வரட்டும் என்றார். அதற்கு மேல் அந்தக் கிழமை முழுக்க எங்களுக்குள் கதை இல்லை.

ஞாயிறு வான் வந்தது. குலேந்திரன், பெண்சாதி, பிள்ளைகள், இன்னும் இரண்டு குடும்பம். சத்தம் கேட்டு விட்மரும் வந்தார். வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். ஊன்றுகோலைக் காரில் சாய்த்து வைத்துவிட்டு, வழமை போலப் பொனற்றைத் தூக்கக் கை வைத்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முன்னால் எங்களை விட்டுக்கொடுக்க அந்த மனிதருக்கு மனமில்லை. இவர் போய்ப் பொனற்றின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். திறக்கவிடவில்லை. பிறகு எங்கள் சனத்தின் பக்கம் திரும்பி, நின்ற நிலையில் சொல்லத் தொடங்கினார்.

குலேந்திரன் முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். பிறகு கமெராவைக் கீழே இறக்கினான். பெண்கள் பிள்ளைகளைக் கிட்ட இழுத்துக்கொண்டார்கள். இவர் தலையைக் குனியவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. கொக்குவில் கராஜில் வாடிக்கையாளருக்குப் பழுது சொல்வது போல ஒழுங்காக, ஒன்றும் விடாமல் சொன்னார்.

என்ன சொல்கிறார் என்று விட்மர் என்னிடம் கேட்டார். உங்களுக்குச் சொன்னதை அவர்களுக்குச் சொல்கிறார் என்றேன். கிழவரின் முகம் சிவந்துவிட்டது. போதும், நிறுத்தச் சொல்லுங்கள் என்று என் கையைப் பிடித்தார்.

"இஞ்சேருங்கோ, போதுமாம்" என்றேன்.

இவர் நிறுத்தவில்லை. ஒரு பிஸ்ரன்தான் இறுகிக் கிடந்தது என்ற இடத்துக்கு அப்போதுதான் வந்திருந்தார்.