கிணற்றையும் சேர்த்துக் கீறிய கோடு

உதயகலா அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தலையில் மாட்டினாலே சீவரத்தினத்தார் கைவேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நிற்பார். மகளின் தொழிலே அதுதான். பெட்டியை மாட்டுகிற ஆளுக்கு அவரவர் வீட்டுக்குள்ளேயே கடிதம், படம், மணிக்கூடு எல்லாம் அந்தரத்தில் எங்கெங்கே தொங்கவேண்டும் என்று வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வடிவமைத்துக் கொடுக்கிறாள். சோதித்துப் பார்ப்பது கொக்குவிலில், தகப்பனின் வளவில்.

முதலில் நடக்கிற இடம் எதுவென்று பெட்டிக்குத் தெரிய, அதற்குள் எல்லை கீறவேண்டும். அதை மிதித்தால் கண்ணுக்குள் சிவப்பு எரியும். அவள் கையால் காட்டிக் கீறிக்கொண்டு வந்து வீட்டு விறாந்தையோடு நிறுத்தினாள்.

"ஏன் பிள்ளை அதோடை நிப்பாட்டினனீ? கிணறு ஆற்றை?"

"எங்கடையும் சித்தப்பாடையும். அதுக்கென்ன?"

"நீ கீறிற உந்தப் படம் கொம்பனிக்குப் போகுதெல்லே? நாளைக்கு உன்ரை சித்தப்பன் ஆழ்வாப்பிள்ளை உதைக் காட்டி, கிணத்திலை எங்களுக்குப் பங்கில்லை எண்டுவான். கிணத்துக்கு அங்காலை வேலி வரைக்கும் கீறு."

"அப்பா, இதென்ன காணி உறுதியே?"

"கோடு கோடுதான். கீறு!"

போன மாரியில் கிணற்றுக்கட்டு இடிந்து விழுந்திருந்தது. யார் கட்டுவது என்று அண்ணனும் தம்பியும் முறுகிக்கொண்டதில் கிணறு நிலமட்டத்தில் வாயைப் பிளந்தபடி கிடந்தது. தகப்பனின் வாய்க்குப் பயந்து அவள் வேலி வரை கீறினாள். பெட்டியும் நம்பிவிட்டது. கோட்டுக்குள் இருந்ததெல்லாம் அதற்கு வீட்டுத் தரை.

ஒரு பின்னேரம் அவர் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டு நின்றார். உதயகலா தான் தொங்கவிட்டதை முழுதாகப் பார்க்க, பெட்டியை மாட்டியபடி கிணற்றுப் பக்கமாகப் பின்னுக்குப் பின்னுக்கு வந்தாள்.

"பிள்ளை, நில்!"

பெட்டி அவள் காதையும் மூடியிருந்தது. மண்கட்டி ஒன்றை எடுத்து எறிந்தார். முதுகில் பட்டது.

"ஆரடா அது!" என்று பெட்டியைக் கழற்றியவள் திரும்பிப் பார்த்தாள். குதிக்கால் விளிம்பில் நின்றது. மண் சரிந்து தண்ணீரில் விழுந்தது.

"கல்லுப் பதிச்ச தரையெல்லே அப்பா தெரிஞ்சது..." அவள் விளிம்பை விட்டு விலகினாள். "கோட்டை விறாந்தைக்கே எடுப்பம்."

சீவரத்தினத்தார் ஓம் சொல்ல வாய் திறந்தார். வேலிக்கு மேலால் ஆழ்வாப்பிள்ளையின் தலை தெரிந்தது.

"என்னண்ணை, எல்லையைப் பின்னுக்கு எடுக்கிறியளோ?"

"கோடு வேலியிலையே நிக்கட்டும்," என்றார் சீவரத்தினத்தார். "நான் கிணத்தடியிலை காவல் இருக்கிறன். நீ உன்ரை வேலையைப் பார் பிள்ளை."

மறுநாள் கதிரையைக் கிணற்றடியில் போட்டு இருந்தார். அவள் தகப்பனை நம்பிப் பெட்டியை மாட்டினாள். பெட்டிக்குள் தெரிந்த தரையில் கதிரையும் இல்லை, தகப்பனும் இல்லை. பின்னுக்குப் பின்னுக்கு, நேராக அவரிடமே வந்தாள். அவர் கத்திப் பார்த்தார். முந்தின நாள் பாத்தி கட்டிய முழங்கால் எழும்ப இடம் கொடுக்கவில்லை. அவருடைய முதுகுக்குப் பின்னால் கிணறு.