எங்கள் பிள்ளையின் பொட்டலம்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் நான் நர்ஸ். என் வாய்க்குப் பயந்து டாக்டர்களே ஒழுங்காகக் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். என் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டாள் என் கூடப்பிறந்த தங்கச்சி.

அவளுடைய பெண் குழந்தை ஏழாம் மாதமே பிறந்து, என் வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அப்போது அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பாதிக் குழந்தைகளுக்குப் பாலில் நல்ல பாக்டீரியா கலந்த பொடி, மீதிப் பேருக்கு வெறும் மாவு. குடல் அழுகும் நோயை அந்தப் பொடி தடுக்குமா என்று பார்க்கிறார்கள். எது யாருக்கு என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

"நீதானேக்கா கலக்குற? நம்ம பிள்ளைக்கு மருந்துப் பொட்டலமாப் பாத்து எடேன்."

"தலைகீழா நின்னாலும் கண்டுபிடிக்க முடியாதுடி. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்."

"நமக்கு மாவுதான். பக்கத்துப் பெட்டிப் பையனைப் பாரு, எப்படித் தேறிட்டான்!"

அம்மாக்களை உட்காரவைத்து டாக்டர் பேசினார். "முன்னாடி செஞ்ச ஆராய்ச்சிங்க சிலது குழம்பிப் போனதே இதனாலதாம்மா. மாவு குடிச்ச பிள்ளைங்க வயித்துலயும் அந்தக் கிருமி இருந்துச்சு. கை வழியாப் பரவுது. தயவுசெஞ்சு கை கழுவுங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். என் தங்கச்சி கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினாள்.

அந்தப் பையனின் அம்மாவுக்கு ஆபரேஷன் வலி, குனிய முடியாது. அவனுக்குத் துணி மாற்றும் வேலையைத் தங்கச்சி தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்ன நல்ல மனசு என்று எனக்குப் பெருமை வேறு.

பிறகு ஒரு காலையில் எங்கள் குழந்தையின் வயிறு வீங்கியது. உடம்பு சில்லிட்டது. மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். ரத்தத்தில் ஏதோ கிருமி வளர்கிறது என்றார்கள்.

"நான் கை கழுவலக்கா," என்றாள் தங்கச்சி. "அவனுக்குத் துணி மாத்திட்டு அப்படியே வந்து இவளைத் தொட்டேன். வேணும்னேதான். அந்த நல்ல கிருமி இவளுக்கும் ஒட்டட்டும்னு."

அறைய ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. யாரை அடிப்பது? அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

பொடியிலிருந்த கிருமியா என்று தெரிந்தாக வேண்டுமே, எங்கள் பொட்டலத்தில் இருப்பது மருந்தா மாவா என்ற ரகசியத்தைத் திறக்கும்படி ஆராய்ச்சிக்காரர்களிடம் டாக்டர் சொன்னார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ரத்தத்துல இருக்கிறது பொடியோட கிருமி இல்லை சிஸ்டர். மலத்துலேர்ந்து கை வழியா வந்த கெட்ட கிருமி. மருந்துக்கு மசிய மாட்டேங்குது." கொஞ்சம் தயங்கினார். "உங்க பாப்பாவுக்கு முதல் நாள்லேர்ந்தே நிஜப் பொடிதான் போயிருக்கு."

தங்கச்சி குழாயடியில் நின்று, தோல் சிவக்கச் சிவக்கக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா சொன்னாரு? நம்மளோடது மாவுதானே?"

"மாவுதான்டி."

"பாத்தியா," என்றாள். "நான் அப்பவே சொன்னேன்ல."

நான் குழாயை மூடினேன். அவள் மறுபடி திறந்தாள்.