விட்டுப்போன நான்கு பக்கங்கள்

"பக்கம் நூற்று நாற்பத்தொன்று" என்றது குரல். கதையில் வரும் விதவைத் தையல்காரி, லாரி டிரைவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள். அடுத்து, "பக்கம் நூற்று நாற்பத்தாறு." தையல்காரி ஆற அமர உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள். டிரைவரைக் காணோம்.

ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஆபரேட்டர் பதிவைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். அதே தாவல். பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்கிறவர்கள், பக்கம் புரளும்போதெல்லாம் எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது நூலகத்தின் வழக்கம். பாவி மனுஷன், திருடும்போதும் வழக்கத்தை விடவில்லை.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. பிறவியிலேயே பார்வை கிடையாது. இரண்டு பெற்றவள். பிரசவ அறை முதல் பிணவறை வரை நாளெல்லாம் இணைப்புக் கொடுக்கிறவள். அவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று எவரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். பற்றிக்கொண்டு வந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனாள்.

"வாங்கம்மா, உட்காருங்க" என்றதே அந்தக் குரல்தான். பதினோரு வருஷமாக அவள் காதில் குடியிருக்கும் குரல். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சம்பளம் வாங்காமல் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஒரு நிமிஷம் மனசு இளகியது. அதுவே கோபத்தை இன்னும் கிளப்பியது.

"நாலு பக்கம் எங்க சார்?"

நாற்காலி கிறீச்சிட்டது. "அது... கொஞ்சம் அப்படி இப்படி எழுதியிருந்துச்சும்மா. உங்கள மாதிரி இருக்கறவங்க மனசு கெட வேணாம்னுதான்..."

"உங்க மனசு கெட்டுச்சா?"

மேஜைமேல் எதையோ நகர்த்தி வைத்தார்.

"தபால்ல வந்த லெட்டரப் பிரிச்சுப் பாத்து, பாதியக் கிழிச்சுட்டா குடுத்தீங்க?"

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. படித்துவிட்டேன் என்று அவள் பீற்றிக்கொண்ட முந்நூறு புத்தகங்களும் அந்த நொடியில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தன. பக்கம் போனால் எண் காட்டிக்கொடுக்கும். வரி வரியாகப் போனதை யார் காட்டிக்கொடுப்பார்கள்?

"தனியா ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடறேம்மா" என்றார் மெதுவாக.

"வேணாம். புத்தகத்த எடுங்க. இப்பவே, என் எதிர்ல படிங்க. ஒரு வரி விடாம."

சுற்றிலும் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தவர்களின் சலசலப்பு அடங்கியது. அவர் அலமாரிவரை போய்வரும் செருப்புச் சத்தம் கேட்டது. உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி கனைத்தார். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

"பக்கம் நூற்று நாற்பத்திரண்டு" என்றார், அவள் இதுவரை கேட்டே இராத ஒரு குரலில்.