பின்னோக்கிச் சுற்றாதே

எங்கள் விமானத்தின் இன்ஜின் ஒரு கூட்டுக் குடும்பம். நடுத்தண்டைச் சுற்றி, சக்கரத்தின் ஆரக்கால்போல ஒன்பது சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி. மூத்தவனுடைய கம்பிதான் தண்டை நேரடியாகப் பிடித்திருக்கும். மற்ற எட்டுப் பேரும் அவன்மேல் தொற்றிக்கொண்டே வேலை பார்ப்பார்கள்.

கீழே தலைகீழாகத் தொங்கும் சிலிண்டர்களில், இன்ஜின் ஓய்ந்து நிற்கும்போது எண்ணெய் கசிந்து தேங்கும். எண்ணெய் அமுங்காது. அதனால் கிளப்புவதற்கு முன் மூக்கிலிருக்கும் காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்ப்போம். சிக்கினால் கீழ்ப் பிளக்கைக் கழற்றி வடிக்க வேண்டும். சோம்பேறிகள் பின்னோக்கி ஒரு தள்ளு தள்ளுவார்கள். சிக்கல் உடனே விட்டுவிடும். ஆனால் எண்ணெய், சிலிண்டருக்குக் காற்று இழுக்கும் உறிஞ்சு குழாயில் போய் ஒளிந்துகொள்ளும். இன்ஜின் கிளம்பியதும் திரும்பி வந்து கம்பியை வளைக்கும். வளைந்த கம்பி ஆகாயத்தில் உடையும்.

என் கணவருக்கு அப்படித்தான் உடைந்தது. வடிக்காமல் விட்டது மெக்கானிக் என்றார்கள். மெக்கானிக் நான். அன்று நான் சுற்றியபோது காற்றாடி சிக்கவே இல்லை, சத்தியமாக. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதுகூடப் பரவாயில்லை. என்னையே என்னால் நம்ப முடியவில்லை.

விழுந்த விமானத்தில் இன்ஜின் மட்டும் தேறியது. புதுக் கம்பி போட்டு வேறு விமானத்தில் மாட்டினோம். இன்று அதில் முதலில் பறக்கப்போவது என் கொழுந்தன். எனக்கு முன்பே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தான்.

காற்றாடியைச் சுற்றினேன். சிக்கவில்லை. வெண்ணெய்போலச் சுற்றியது.

அப்போது இன்ஜினுக்குள்ளிருந்து டொக், டொக் என்று கேட்டது.

என் கணவர் ஏறுவதற்கு முன் இன்ஜின் மூடியில் இரண்டு தட்டு தட்டி, "வீட்ல யாரு?" என்று கேட்டுச் சிரிப்பார். அதே தட்டு. இப்போது உள்ளேயிருந்து.

"தம்பி, சுவிட்சைத் தொடாதே! நான் வர்றதுக்கு முன்னாடி இதைச் சுத்தினியா?"

"ஆமா அண்ணி. சிக்குச்சு. பின்னாடி லேசாத் தள்ளினேன், விட்டுருச்சு."

"யாருடா சொல்லிக் குடுத்தது?"

"அண்ணன்தான். அவசரம்னா அவர் அப்படித்தானே பண்ணுவாரு?"

அன்றும் அவர் எனக்கு முன்பே வந்து இப்படித் தள்ளியிருக்க வேண்டும். கீழ்ச் சிலிண்டரின் உறிஞ்சு குழாயைக் கழற்றினேன். கறுப்பாய், சில்லென்று, என் முழங்கைவரை எண்ணெய் கொட்டியது. கொழுந்தன் இறங்கி வந்து பார்த்தான்.

நான் இன்ஜினில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"இத்தனை நாளா நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே, அப்பல்லாம் வாயில கொழுக்கட்டையா? தம்பிக்கு ஒண்ணுன்னாத்தான் தட்டத் தெரியுதா உங்களுக்கு?"

கொழுந்தன் என் தோளைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தான்.

யாரும் தொடாமலே காற்றாடி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. முன்னோக்கி.